திங்கட்கிழமை நடந்த ஏழு நடை

மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்று நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தேன், நாக்கும் கைவிட்டது. எந்தக் கடை டீயில் எத்தனை பங்கு தண்ணீர் என்று ஒரே மிடறில் சொன்ன நாக்கு இது. இந்தப் பிளாஸ்டிக் குழாய் வழியே வருகிற ஈரப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் வாய்க்குள் கிடக்கிறது. "உதட்டை இறுக்கிப் புடிங்கய்யா, மூக்குல இழுக்காதீங்க, வாயிலயே மெதுவா" என்கிறாள் நசீமா. இந்த ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை செய்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைக் கோட்டுக்கு மேலே முக்காடு, கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் அந்தச் சனியன், ஸ்டாப்வாட்ச். அதைப் பார்க்காதே. சுவரைப் பார். சுவரில் இதயத்தின் படம் மாட்டியிருக்கிறார்கள், சிவப்பும் நீலமுமாக, கசாப்புக் கடையில் தொங்குவது போல் இல்லை, மிகவும் மரியாதையாக இருக்கிறது. டாக்டர் சந்தானம் அந்தப் படத்தில்தான் பேனா வைத்துக் காட்டினார். உங்க இதயத்தோட இடப்பக்கம் சோர்ந்து போச்சு, ரத்தம் பின்னால தேங்குது, அதனால நுரையீரல்ல இருக்கற குழாயெல்லாம் இறுகிப்போச்சு, வலப்பக்கம் அந்த இறுகின குழாய்க்குள்ள தள்ளித் தள்ளி அதுவும் களைச்சுப்போச்சு. இந்தப் புகை நேரா நுரையீரலுக்குப் போய் அந்தக் குழாயை மட்டும் தளர்த்தும். வலப்பக்கத்துக்குச் சுமை குறையும். கொஞ்சம் கூட நடக்க முடியும்னு நினைக்கிறோம். நினைக்கிறோம், நிச்சயமில்லை, அதுக்குத்தான் ஆராய்ச்சி. ஒரு நாள் மருந்து, ஒரு நாள் உப்புத் தண்ணி, நாற்பத்திரண்டு பேருக்கு. எந்த நாள் எது என்று உங்களுக்கும் தெரியாது, நசீமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றார். பின்னே யாருக்குத்தான் தெரியும் என்று கேட்டேன். கவருக்குள்ள இருக்குங்க என்றார். ரகசிய வாக்கெடுப்பு. சங்கத் தேர்தலில் ரகசிய வாக்கெடுப்பு கேட்டு ஒன்பது நாள் பட்டினி கிடந்தவன் நான், அதனால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. மருந்து நாளில் முப்பது மீட்டராவது கூட நடந்திருந்தால் மெஷினையும் மருந்தையும் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்களாம், ஆறு மாதத்துக்கு. இல்லையென்றால் பழைய மாத்திரை, பழைய கட்டில், பழைய ஸ்டூல். என் மகள் கிளாரா படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறாள், பதினான்கு அடித் தூரத்தில் நான் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கிப் போவதற்கு. நடைபயணம் நடைபயணமாக நடந்த கால்கள், பதினான்கு அடிக்கு ஒரு ஸ்டூல். அதை உதைக்கிற அளவுக்காவது மூச்சு கொடுங்கள் என்றுதான் வந்தேன், வேறு எதற்கு.

பத்து நிமிடம் முடிந்தது, குழாயை வாங்கிக்கொண்டாள், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். தாழ்வாரம் முப்பது மீட்டர், இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அந்தக் கோடியில் ஒன்று. ஆறு நிமிடம் இதற்கும் அதற்குமாக நடக்க வேண்டும், எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு. பெஞ்சில் கிளாரா உட்கார்ந்து கைப்பையை மடியில் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தோழர் ஒருத்தியின் பெயர் அது, கட்சிப் பிரசுரத்தில் படித்துவிட்டு வைத்தேன், போகிற ஆஸ்பத்திரியிலெல்லாம் எந்த சர்ச் என்று கேட்கிறார்கள். "போலாமுங்களா ஐயா?" என்கிறாள் நசீமா. டிக். அந்தச் சத்தம். அந்த ஒரு டிக்தான் திங்கட்கிழமை, முதல் நாள் நடையில், என்னைக் கவிழ்த்தது, இன்று இரண்டாவது நாள். என் மனசு ஒன்றும் திட்டம் போடவில்லை, அதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன், கால்தான் கேட்டது, கால்தான் முடிவெடுத்தது. இருபத்திரண்டு வருடம் மில்லில் சைடர் வேலை, இரண்டு வரிசை ரிங் ப்ரேம் நூற்பு மெஷினுக்கு நடுவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து அறுந்த இழையைப் பிணைக்கிற வேலை, ஒரு ஷிப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். ஆபீஸிலிருந்து டை கட்டினவன் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக வந்து சந்தின் முனையில் நிற்பான். டைம் ஸ்டடி. அவன் எழுதிக்கொண்டு போகிற கணக்கில் மறுமாதம் வேலைப்பளு ஏறும். அதனால் சங்கத்தில் சொல்லிக் கொடுத்தோம், நானே சொல்லிக் கொடுத்தேன், கேட் கூட்டத்தில் நின்று நடித்துக் காட்டினேன். கடிகாரம் வந்தால் ஓடாதே, நிற்கவும் நிற்காதே. முழுசாகக் குனி. எழும்போது இடுப்பில் கை வை. சந்தின் கடைசி வரை போய்த் திரும்பு, பாதியில் திரும்பாதே. உடம்பு வேர்க்க வேண்டும், வேலை நகரக் கூடாது. திங்கட்கிழமை அதைத்தான் செய்தேன். கூம்பை அகலமாகச் சுற்றினேன். துண்டை எடுத்து முகம் துடைத்தேன். யாருக்கும் சந்தேகம் வராது, நோயாளிதானே. ஏழு நடை, இருநூற்றுப் பத்து மீட்டர். நசீமா எழுதிக்கொண்டாள். அன்று மத்தியானம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அடப்பாவி, இன்றைக்கு யாரை ஏமாற்றினாய்.

ஒரு நடை. திரும்பு, ஒட்டித் திரும்பு, அகலமாகப் போகாதே. இரண்டாவது. "ஒரு நிமிஷம் ஆச்சுங்க. நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குங்க." திங்கட்கிழமையும் இதே வாக்கியம், இதே ராகம். இதைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாதாம், கூடச் சொன்னால் நோயாளிக்கு உற்சாகம் வந்துவிடுமாம், கணக்கு கெட்டுவிடுமாம். உற்சாகத்துக்கே தடை போட்ட இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன். நானும் பேசக் கூடாது. இந்த வெள்ளிங்கிரி வாயைத் திறக்காத ஆறு நிமிடம், நிர்வாகம் அந்தக் காலத்தில் லட்ச லட்சமாகக் கொடுத்திருக்கும். மூச்சு எப்படி இருக்கிறது? பரவாயில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியிருக்கிறதா, இல்லை நான் அப்படி நினைக்கிறேனா. மூன்றாவது நடை. இன்றைக்கு மருந்தா? அப்படியானால் திங்கட்கிழமை தண்ணீர், தண்ணீர் நாளில் நான் வேண்டுமென்றே ஊர்ந்தேன், இன்று நடக்கிற தூரத்தில் பாதி மருந்தினுடையது, பாதி என் பழைய திருட்டுத்தனத்தினுடையது, இரண்டையும் சேர்த்து மருந்தின் பெயரில் எழுதுவார்கள். திங்கட்கிழமை மருந்து என்றால் இன்னும் மோசம், வந்த மருந்தை வாசலில் நிறுத்தி அடித்துத் துரத்திவிட்டேன், உப்புத் தண்ணீரே மேல் என்று எழுதுவார்கள். எப்படிப் பார்த்தாலும் பொய். இன்றைக்கும் அதே மாதிரி ஊர்ந்துவிட்டால்? இரண்டு பக்கமும் ஒரே பொய், ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகும். நேற்று ராத்திரி அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன், மூன்று தலையணை மேல் சாய்ந்து. ஆனால் பொய்யை அளந்து நடக்க யாரால் முடியும், அதைவிட, எனக்கே தெரிய வேண்டும், இந்த உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று. நட. எல்லாவற்றையும் போட்டு நட. ஐந்தாவது நடை. "ரெண்டு நிமிஷம் ஆச்சுங்க. நல்லா நடக்கறீங்க."

ஆறாவதில் முதுகுக்குப் பின்னால் ஒரு இறுக்கம், வந்துவிட்டுப் போகிறது. இதைத்தான் டாக்டர் சொன்னார். ஒரு ஆபத்து இருக்குங்க, குழாய் தளர்ந்தா ரத்தம் சுலபமா பாயும், வந்து சேர்றதை இடப்பக்கம் வாங்கித் தள்ளணும், முடியலைன்னா நுரையீரல்ல நீர் கோத்துக்கும், மூச்சு முட்டினா அந்த இடத்துலயே நின்னுருங்க. கேட்டைத் திறந்து விடற மாதிரி என்றார். என்னிடம் கேட்டைப் பற்றி. ஷிப்ட் மாறும்போது கேட்டை ஒரேயடியாகத் திறந்துவிட்டான் ஒரு வாட்ச்மேன், வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் நடுவில் சிக்கிக்கொண்டார்கள், பழனாத்தாளின் கை எலும்பு முறிந்தது. நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவள், கட்டுப் போட்ட கையோடு மறுநாள் கேட் கூட்டத்துக்கு வந்தாள். பழனாத்தாளை ஏன் இப்போது நினைக்கிறேன். நுரையீரலில் நீர் கோத்தால் எப்படி இருக்கும், கிணற்றுக்குள் உட்கார்ந்து மூச்சு விடுவது போலவா. பயமா? பயம்தான். போலீஸ் லாரியில் ஏற்றி அடித்தபோது பயப்படவில்லை, ஏனென்றால் அடிக்கிறவன் முகம் தெரிந்தது. இங்கே அடிக்கிறவன் எனக்குள்ளேயே இருக்கிறான், என் சோற்றையே தின்கிறான். ஏழாவது நடை. திங்கட்கிழமை முடித்த இடம். நேரம் இன்னும் கிடக்கிறது. "மூணு நிமிஷம் ஆச்சுங்க. பாதி முடிஞ்சுதுங்க." அவள் குரலில் ராகம் கொஞ்சம் மாறியது, கவனித்தேன், சந்தோஷப்படுகிறாள், விதியை மீறிச் சந்தோஷப்படுகிறாள். கிளாராவும் கைப்பையை விட்டுவிட்டாள். இவர்கள் சந்தோஷம் எனக்கு வேண்டாம். பழனாத்தாளை ஏன் நினைத்தேன் என்று இப்போது தெரிகிறது, சின்னு. சின்னு என்கிற சின்னதுரை, எங்கள் வரிசையில் புதுசாக வந்த சைடர், கடிகாரக்காரன் பாராட்ட வேண்டும் என்று ஓடினான், ஒரு ஷிப்ட் முழுக்க ஓடினான், காலில் சக்கரம் கட்டினவன் மாதிரி. அவன் ஓடினதைத்தான் எல்லாருக்கும் அளவாக வைத்தார்கள். ஆளுக்கு மெஷினில் ஒரு பக்கம் கூடுதல். ரீலிங்கிலும் அதே மாதிரி ஏற்றினார்கள், பழனாத்தாளுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம், நிற்க முடியாமல் நின்று ஷிப்டிலேயே கலைந்துபோயிற்று. அன்றைக்கு நான் எழுதிய நோட்டீஸ் எனக்கு இன்னும் மனப்பாடம். ஒருவன் காட்டுகிற கணக்கு எல்லோர் தலையிலும் விடியும். சைக்ளோஸ்டைல் மை காயாமல் கேட்டில் கொடுத்தேன். சின்னுவை மூன்று வருடம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கடிகாரம் என்றுதான் கூப்பிட்டோம், அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை. இப்போது நான் யார்? நாற்பத்தொரு பேர் என் பின்னால் இந்தத் தாழ்வாரத்தில் நடக்கப் போகிறார்கள், அல்லது நடந்து முடித்துவிட்டார்கள், அவர்களோடு என் ஏழு நடையையும் கூட்டித்தான் சராசரி போடுவார்கள், மருந்து ஆகும் என்றோ ஆகாது என்றோ அச்சடிப்பார்கள், எங்கேயோ இன்னொருத்தன் பதினான்கு அடிக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டிருப்பான், அவன் தலையில் விடியும். சின்னுவாவது ஓடினான். உண்மையாக ஓடினான்.

ஒன்பதாவது நடை. சொல்லிவிடலாம். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது. சொன்னால் எழுதுவார்கள், நோயாளி ஒத்துழைக்கவில்லை, தவறை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டார். அந்த வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் மூன்று நாளாக. எண்பத்தெட்டு நாள் வேலைநிறுத்தம் முறிந்தபோது நிர்வாகம் டைப் அடித்து வைத்திருந்தது, நான் செய்த தவறை ஒப்புக்கொள்கிறேன், இனிமேல் இப்படி நடக்க மாட்டேன், கீழே ஒரு கோடு. கையெழுத்துப் போட்டால் உள்ளே, போடாவிட்டால் வெளியே. வரிசையாகப் போட்டார்கள், மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் போட்டார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு மட்டும் என்ன பொம்மையா இருந்தது. ஏழு பேர் போடவில்லை. அவர்களில் ஆறு பேர் செத்துவிட்டார்கள், மிச்சம் நான். கட்சியும் அப்புறம் இரண்டாக உடைந்தது, மூன்றாக உடைந்தது, ஒவ்வொரு துண்டும் என்னைக் கூப்பிட்டு ஒரு வருத்தக் கடிதம் கேட்டது, ஒன்றுக்கும் எழுதவில்லை. என் கை ஒப்புக்கொண்டதே இல்லை. "நாலு நிமிஷம் ஆச்சுங்க." கால் கனக்கிறது, இரண்டு பக்கமும் மணல் மூட்டை, காதுக்குள் ரிங் ப்ரேம் ஓடுகிறது. நிறுத்தட்டுமா என்று நெஞ்சு கேட்கிறது. நிறுத்தாதே. உன்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் மில்லில் நீட்டினது எதிரியின் காகிதம். மண்டியிடச் சொல்லி எழுதின காகிதம். இது யாருடைய காகிதம்? இந்தப் பெண் என்ன முதலாளியா, ஒப்பந்தக் கூலி, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலை புதுப்பிக்கிறார்களாம், நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தாவது நடை. எதிரியே இல்லாத இடத்தில் ஐம்பது வருடப் பழக்கத்தில் கத்தியைச் சுற்றிவிட்டு, அதை வீரம் என்று மூடி வைத்திருக்கிறேன். எதிரியிடம் பொய் சொல்லலாம், அது ஆயுதம். நோயாளிகளிடம் பொய் சொன்னால் அதற்கு என்ன பெயர்? "அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க. இன்னும் ஒரே நிமிஷம்." பதினொன்று. சுவர் ஆடுகிறது, கூம்பு ஆடவில்லை, கண்ணால் கூம்பைப் பிடித்துக்கொள். கை விரல் ஜில்லென்று ஆகிறது. இழு, விடு, இழு. விழுந்தால் விழட்டும், ஆனால் முன்பக்கமாக விழு. "நில்லுங்க ஐயா. முடிஞ்சுது. அங்கயே நில்லுங்க."

நாற்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் நகர்த்தினாள், உட்கார்ந்தேன், இல்லை, நாற்காலி என்னை வாங்கிக்கொண்டது. கிளாரா ஓடிவந்து நெற்றியைத் துடைத்தாள். நசீமா தரையில் கிடந்த அளவு நாடாவைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "பதினோரு நடை, எட்டு மீட்டர். முந்நூத்தி முப்பத்தெட்டுங்க ஐயா! திங்கக்கிழமையை விட நூத்தி இருபத்தெட்டு கூட!" விதி முடிந்துவிட்டதால் வாய்விட்டே சிரித்தாள். "அப்பா, பார்த்தீங்களா" என்று கிளாரா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் கையைத் தூக்கினேன், பேச மூச்சு இல்லை, காத்திருந்தார்கள், ஆயிரம் பேர் கூட்டத்தில்கூட இவ்வளவு அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. "அம்மிணி, திங்கக்கிழமை நடந்ததை அடிச்சிருங்க. அது பொய்." அவள் புரியாமல் பார்த்தாள். துண்டு துண்டாகச் சொன்னேன், கடிகாரம், மில்லு, சந்து, கால். சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். கிளாராவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, நான் இதைக் கேக்கலைங்க. நீங்களும் சொல்லலை. சொன்னா எழுதியாகணும், எழுதினா உங்க பேரையே எடுத்துருவாங்க. இன்னைக்கு மருந்தா இருந்தா உங்களுக்கு வீட்டுக்கே கிடைக்குமுங்க." கிளாரா என் கையை அழுத்தினாள், எலும்பு நோக அழுத்தினாள். "அப்பா. போதும்ப்பா. ஒரே ஒரு தடவை வாயை மூடிட்டு இருங்க. அந்த ஸ்டூலை நான்தானே தினமும் நகர்த்தறேன்." அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என்னால்தான் அவள் பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டாதவளாக நின்றாள், என்னால்தான் இப்போதும் நிற்கிறாள். "பேரை எடுக்கட்டும் கண்ணு. எழுதுங்க அம்மிணி. ஒத்துழைக்கலைன்னு எழுதாதீங்க, வேணும்னே மெதுவா நடந்தான்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்." நசீமா எழுதினாள். வாங்கிப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள். போட்டேன். கோணலாக வந்தது, மூச்சு வாங்கினதால்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது, சூடான டீ மாதிரி நெஞ்சுக்குள் இறங்கியது. "அம்மிணி, அந்த நாப்பத்தோரு பேரும் எந்த ஊருங்க?" "பாதிக்கு மேல இங்கதானுங்க, பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம்." "வயசு?" "உங்க வயசு, அஞ்சு பத்துக் குறைய." "என்ன வேலை பார்த்தவங்க?" "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க ஐயா" என்றாள், ஆனால் கை தானாகப் பதிவேட்டைத் திறந்தது, விரல் தொழில் என்கிற பத்தியில் மேலிருந்து கீழே இறங்கியது, மில் என்று எழுதின இடத்தில் நின்றது, இறங்கியது, நின்றது, அடுத்த பக்கத்திலும் நின்றது. பிறகு கழுத்தில் தொங்கியதைக் கயிற்றோடு கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்தாள். "டாக்டரைக் கூப்பிடறேனுங்க" என்று எழுந்தாள். "கூப்பிடுங்க. எல்லாரையும் ஒரு நாள் வரவைங்க, நான் அஞ்சு நிமிஷம் பேசணும்." "ஒத்துக்க மாட்டாருங்க." "ஒத்துக்க வெச்சுப் பழகினவன்." கிளாரா அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் பேச மூச்சு எங்கப்பா இருக்கு உங்களுக்கு?" என்றாள். அதுவும் சரி. கைப்பையைத் திறந்து மருந்துச் சீட்டையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தாள், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் தொழிலாளியை வேகமாக நடக்கச் சொன்னதில்லை. ஆனால் வரி தானாக வந்தது. தோழர்களே, இங்கே கடிகாரம் வைத்திருக்கிறவள் நம் வீட்டுப் பெண். ஆறு நிமிடமும் முழு மூச்சாக நடங்கள். ஒரு மீட்டரையும் ஒளித்து வைக்காதீர்கள். இதனால் யாரும் உங்கள் மேல் சுமை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் என்னிடம் வாருங்கள். கீழே என் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதினேன்.